முகம் பார்த்துச் சொல்லும் பதில்

"வெளியில மழை பெய்யுதாடா?" என்று பெரியவர் தன் தம்பியைக் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தம்பி கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்ட அண்ணனையும் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தார். மேசைமேல் இரண்டு மூக்குக்கண்ணாடிக் கூடுகள் இருந்தன. ஒன்று தகரக் கூடு. அதைத் தட்டினால் 'ஆமா'. மற்றது மெத்தென்ற தோல் பை. அதில் கை வைத்தால் 'இல்ல'. அவருடைய இடது கை இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு தோல் பையின்மேல் இறங்கியது.

"பாத்தீங்களா மாமா!" என்றாள் கல்லாக்கா. அவளுக்கு வாயெல்லாம் பல்.

கல்லாக்கா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வீட்டுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணைப் பரிசோதித்து, லென்ஸ் சில்லை அறுத்துத் தேய்த்து, சட்டத்தில் மாட்டித் தருவது எல்லாம் அவள் கணவர் வேலை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போகும்வரை அவரும் அவளை "ஏய் கல்லா" என்றுதான் கூப்பிடுவார்.

"ரெண்டு கூட்டைத் தட்டுறதுக்குப் பேரு பேச்சாம்மா?" என்றார் பெரியவர். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு தடவையும் கை நிறையப் பழம் வாங்கிக்கொண்டுதான் படியேறுவார். ஆனால் இந்தத் தடவை பழத்தோடு ஒரு செய்தியையும் கொண்டுவந்திருந்தார். "அடுத்த வாரம் சனிக்கிழமை ஒரு டாக்டர் வருவாரு. இவனைக் கேள்வி கேட்டுப் பாப்பாரு."

"எதுக்கு?"

"இந்த வீடும் கடையும் எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. இவன் சம்மதம் இல்லாம ஒரு ஆணியைக்கூட என்னால பிடுங்க முடியாது. சம்மதம் சொல்லவே இவனால முடியாதுன்னா யாராவது பொறுப்பு எடுக்கணும்ல? அதுக்குத்தான் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். என் வீட்டுல லிஃப்ட் இருக்கு. பாத்துக்க ஆள் வெச்சிருக்கேன். நீயும் வந்து இரு, யாரு வேணாங்கறா? கடையை மூடிட்டு..."

"கடையை மூடுறதா? அவர் உசிரே அங்கதான் இருக்கு மாமா. தினமும் காலையில கீழ கொண்டுபோய் உக்கார வெச்சாத்தான் அவருக்குப் பொழுதே விடியுது. எல்லாக் கேள்விக்கும் சரியாச் சொல்றாரே, நீங்களே பாத்தீங்களே!"

அடுப்படியில் பால் பொங்கும் வாசனை வந்தது. அவள் ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அறையில் தகரக் கூடு இரண்டு மூன்று முறை 'டக், டக்' என்றது. வந்து பார்த்தால் பெரியவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் உன் தங்கச்சியாடான்னு கேட்டேன்ம்மா. ஆமாங்கறான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "நீங்க கடுகடுன்னு மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்டா, நல்லா இருக்கறவனுக்கே தன் பேரு மறந்துபோகும்."

"என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே இப்படித்தாம்மா. அவனுக்குத் தெரியாதா?" என்று பெரியவர் எழுந்தார். படியிறங்குமுன் தம்பியின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. சண்டைக்கு வருகிறவனிடம் சண்டை போடலாம். பாசத்தோடு தூக்கிக்கொண்டு போக வருகிறவரை என்ன செய்வது?

மறுநாளே கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணை எல்லோரும் 'பேச்சு மிஸ்' என்பார்கள். சின்னப் பெண்தான், ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. நடந்ததை எல்லாம் கல்லாக்கா ஒரே மூச்சில் கொட்டினாள். "அவர் அண்ணன் முகத்தைப் பாத்துப் பயந்துட்டாரு மிஸ். நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்க, இவருக்கு எல்லாம் புரியுதுன்னு."

"எழுதறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துடலாம்க்கா" என்றாள் மிஸ். கண்ணாடிக்காரரின் தலையில் நீச்சல்காரர்கள் போடுவது போல ஒரு தொப்பியை மாட்டினாள். தொப்பியெங்கும் சின்னச் சின்னத் துளைகள். துளைக்குத் துளை ஒரு கம்பி. குளிர்ந்த பசையை ஒவ்வொன்றிலும் வைக்கும்போது அவர் முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் இருந்த திரையில் கோடுகள் வரிவரியாக ஓட ஆரம்பித்தன.

"மூளைக்குள்ள ஓடுற சின்னச் சின்ன மின்சாரம் இது. எப்பவும் உக்கார்ற மாதிரி எதிர்ல உக்காருங்க. நான் கேக்கறேன்."

கூடவே கொண்டுவந்திருந்த இரண்டு கூடுகளையும் கல்லாக்கா அவர் முன்னால் வைத்தாள். மிஸ் கேட்டாள். அவர் ஒன்றுகூடத் தப்பு விடவில்லை. தகரம், பை, பை, தகரம். ஒவ்வொரு பதிலுக்கும் கல்லாக்காவின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் மிஸ் பதில்களைப் பார்க்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிச்சு அந்த மறைப்புக்குப் பின்னாடி போங்க."

"எதுக்கு?"

"சும்மா போங்க."

அவள் போனாள். துணி மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். மிஸ் அதே குரலில் அதே கேள்விகளைத்தான் கேட்டாள். 'டக்' என்றது. 'டக்' என்றது. எதைக் கேட்டாலும் 'டக்' என்றது. நாற்காலி சாப்பிடும் பொருளா என்று கேட்டதற்கும் 'டக்' என்றது. பிறகு அதுவும் இல்லை. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். அவர் நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பி, கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப் போல அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

மிஸ் அவளைத் திரைக்கு அருகில் உட்காரவைத்தாள். "இங்க பாருங்க. நான் கேள்வி கேட்டு முடிச்சது இந்த இடத்துல. கோடு சும்மாதான் கிடக்கு. இந்த இடத்துல உங்க முகத்தைப் பாக்கறாரு. உடனே துள்ளுது பாருங்க. கை அதுக்கு அப்புறம்தான் போகுது."

"அப்படின்னா?"

"பதில் உங்க முகத்துல இருக்குக்கா. அவர் அதைப் படிக்கக் கத்துக்கிட்டாரு."

"நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையே!"

"நீங்க குடுக்கல, உங்க புருவம் குடுக்குது. கை தப்பான பக்கம் போனா உங்க மூச்சு நின்னுடுது, எனக்கே கேக்குது. சரியான பக்கம் வந்தா முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிடுது. மாசக்கணக்கா இதே வேலை. அவருக்கு வேண்டியது அந்த வெளிச்சம். எது சீக்கிரம் அதைக் கொண்டுவந்து தருதோ அதைத்தான் மூளை பிடிச்சுக்கும்."

"அப்ப அவருக்கு ஒண்ணுமே புரியலையா?" கல்லாக்காவின் குரல் உடைந்தது.

"அப்படி நான் சொல்லல. இந்தக் கோடு மனசைப் படிச்சுச் சொல்ற கோடும் இல்ல, முழுசா இதுதான்னு நான் சத்தியம் பண்ணவும் மாட்டேன். ஆனா புரிஞ்சுக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரலக்கா. விடைத்தாளை எதிர்ல உக்கார வெச்சுட்டுப் பரீட்சை எழுதச் சொன்னா யாரு கேள்வியைப் படிப்பா?"

கல்லாக்கா திரையை விட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் வீட்டில் நடந்தது பேச்சே இல்லை. அவளே கேட்டு, அவளே பதில் சொல்லி, அவளே மகிழ்ந்து போயிருக்கிறாள். நடுவில் அவருடைய கை மட்டும் போய்ப்போய் வந்திருக்கிறது. அவள் முகம் தொங்கிப் போனது. எதிரில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்தார். உடனே அவருடைய கை பதறிப் போய், யாரும் எதுவும் கேட்காமலே, தோல் பையையும் தகரத்தையும் மாறி மாறித் தொட்டது. எது அவள் முகத்தைத் தூக்கி நிறுத்தும் என்று தேடியது.

"சனிக்கிழமைக்குள்ள மாத்த முடியுமா மிஸ்?"

"தெரியலக்கா" என்றாள் மிஸ். "நீங்க இல்லாத இடத்துல அவர் பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

அன்றைக்கே வீட்டில் கல்லாக்கா ஆரம்பித்தாள். முதலில் தலையில் ஒரு பெரிய துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் பயந்துபோய்த் துண்டை இழுத்தார். பக்கத்து வீட்டுப் பையனின் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். உள்ளே வேர்த்துக் கொட்டியது. தன் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஆனால் பதில் மட்டும் சரியாக வந்தது. எப்படி என்று யோசித்தபோது அவளுக்கே பிடிபட்டது. தப்பான பக்கம் கை போனபோதெல்லாம் அவள் தோள் இறுகியிருக்கிறது. அவர் இப்போது தோளைப் படிக்கிறார்.

அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவர் கழுத்தைத் திருப்பத் திருப்ப அவளும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே போனாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ குழந்தை விளையாட்டு போல இருந்திருக்கும். அவள் கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். கை மேசையில் செத்துக் கிடந்தது. நாலாவது கேள்விக்கு அவர் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. இடது கையால் இரண்டு கூடுகளையும் வாரித் தரையில் வீசினார். தகரக் கூடு சுவரில் மோதி நசுங்கியது.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்று அவள் கத்திவிட்டாள். "உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கய்யா! புரியுதா இல்லையா உங்களுக்கு?"

புரிகிறதா இல்லையா என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை. அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்று முழுக்க எந்தப் பக்கமும் கையை நகர்த்தவில்லை.

மிஸ்ஸுக்குப் போன் போட்டு அழுதாள். மிஸ் அழ விட்டுவிட்டுச் சொன்னாள்: "முகத்தை ஒரேயடியா ஒளிச்சு வெச்சுட்டீங்கன்னா அவர் யாருக்காகக்கா கஷ்டப்படணும்? முகத்தைக் குடுங்க. ஆனா பதில் வந்த அப்புறம் குடுங்க. சரின்னாலும் குடுங்க, தப்புன்னாலும் குடுங்க."

"தப்புக்கும் சிரிக்கச் சொல்றீங்களா?"

"சிரிக்க வேணாம். முகம் தொங்கி விழாம இருந்தாப் போதும்."

சொல்வது சுலபம். அவள் கண்ணாடி முன் நின்று, விழாத முகம் ஒன்றைப் பழகிப் பார்த்தாள். வங்கியில் வரிசையில் நிற்பவள் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல அவரைக் கீழே இறக்கிக் கடை வாசலருகில் உட்கார வைத்தாள். போகிற வருகிறவர்கள் வழக்கம்போல, "சீக்கிரம் தேறிடுவீங்க", "பழையபடி வந்துடுவீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அசதி என்று நினைத்துக்கொண்டாள். அப்போது ஒரு அம்மாள் கண் பரிசோதிக்க வந்து, ஆள் இல்லை என்றதும் உள்ளே சும்மா கிடந்த சின்னப் பரிசோதனை அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னாலேயே கல்லாக்காவும் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த அறையில் அவர் கேள்வி கேட்கும் விதம் அவளுக்கு நினைவு வந்தது. சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "எது தெளிவா இருக்கு. இதா. அதா" என்பார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சுவர் பேசுவது போல இருக்கும். கேட்ட சில்லையே இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேட்பார். "பொணத்துக்குப் பேச்சு வந்த மாதிரி எதுக்குங்க இப்படிக் கேக்கறீங்க? கொஞ்சம் சிரிச்சுக் கேட்டா என்ன?" என்று அவள் ஒருநாள் கிண்டல் செய்தாள். "நான் சிரிச்சா, எந்தப் பக்கம் சிரிச்சேனோ அந்தப் பக்கம்தான் தெளிவா இருக்குன்னு சொல்லிடுவாங்க கல்லா. நல்ல மனுஷங்க, என்னைச் சந்தோஷப்படுத்திட்டு, வீட்டுக்குப் போய்ச் சுவத்துல முட்டிப்பாங்க" என்றார் அவர்.

கடைக் கதவைச் சாத்தினாள். அவரைச் சக்கர நாற்காலியோடு தள்ளி அந்த அறைக்குள் கொண்டுபோனாள். வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் அவரை நிறுத்தி, முன்னால் பலகையைப் போட்டு, நசுங்கிய தகரக் கூட்டையும் தோல் பையையும் வைத்தாள். அவருடைய முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு.

"எது தெளிவா இருக்கு" என்றாள், அவருடைய பிணக் குரலில். "இதா. அதா."

இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. பயந்து போய் விளக்கைப் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் ஒழுக, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான். இருட்டில் கேட்பாள். பதில் வந்ததும் விளக்கைப் போட்டு முகத்தைக் காட்டுவாள். சரியாக இருந்தால் அவள் சிரிப்பதை யாராலும் தடுக்க முடியாது. தப்பாக இருந்தால், "சரி, திருப்பிக் கேக்கறேன்" என்று மட்டும் சொல்லி, விழாத முகத்தோடு மறுபடி விளக்கை அணைப்பாள். கை இருட்டில் கூடுகளைத் தடவிக் கண்டுபிடிக்கும். தகரம் சத்தம் போடும். பை சத்தம் போடாது. முதலில் பதிலுக்குப் பதில் குளறுபடி. பிறகு சரியும் தப்பும் பாதிப் பாதியாக வந்தன. ஒருநாள் நன்றாக வந்தது. மறுநாள் எல்லாம் கொட்டிக் கவிழ்ந்தது. அவள் நகம் எல்லாம் கடித்துத் தீர்ந்துபோனது.

ஒருமுறை பழக்கதோஷத்தில் "பசிக்குதா" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் உறைத்தது, இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவளுக்குப் பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே அவரிடம் கேட்டிருக்கிறாள். தகரம் சத்தம் போடவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கை தோல் பையின்மேல் இருந்தது. மேலே அவருக்காகச் சூடாகச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். "ஒரு வாயாவது சாப்பிடுங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் ஊட்டியும் விட்டாள்.

சனிக்கிழமை வந்துவிட்டது.

டாக்டர் நரைத்த, கலகலப்பான மனிதர். எதற்கெடுத்தாலும் தலையாட்டினார். வண்டிக்குள் ஒட்டி வைக்கிற ஸ்பிரிங் பொம்மை மாதிரி, கேட்கும்போதும் ஆட்டினார், கேட்ட பிறகும் ஆட்டினார், சிரித்துக்கொண்டே ஆட்டினார். அதைப் பார்த்ததும் கல்லாக்காவுக்குப் பயம் வந்தது. இவ்வளவு பேசும் தலையைக் கணவர் படிக்காமல் விடுவாரா?

"கீழ ஒரு இருட்டு ரூம் இருக்கு டாக்டர். அங்க வெச்சுக் கேட்டீங்கன்னா..."

"உலகம் முழுக்க வெளிச்சமாத்தானேம்மா இருக்கு" என்று சிரித்தார் டாக்டர். "இங்கேயே கேக்கறேன். நீங்க அடுப்படியில இருங்க. அண்ணன் இருக்கலாம், ஆனா அவருக்குப் பின்னாடி, வாயைத் திறக்காம."

அவள் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

"நீங்க கண்ணாடிக் கடைக்காரரா?"

டக்.

"நான் உங்க தம்பியா?"

டக்.

அவளுக்கு மூச்சு நின்றது.

"இப்ப நாம கப்பல்ல போயிட்டிருக்கோமா?"

டக்.

"பாத்தீங்கல்ல டாக்டர்" என்றார் பெரியவர், மெல்லிய குரலில். அந்தக் குரலில் வெற்றி இல்லை, அழுகைதான் இருந்தது.

"நீங்க பேசக் கூடாது."

கல்லாக்காவின் தொண்டைக்குள் ஒரு இருமல் வந்து நின்றது. சாதாரண இருமல் இல்லை. கடையில் யாராவது விலையைக் குறைத்துக் கேட்டு, அவர் இளகுகிற நேரத்தில், கல்லாவிலிருந்து அவள் ஒரு தடவை இருமுவாள். அவர் உடனே 'இல்ல' என்று தலையசைப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களுக்குள் ஓடுகிற ரகசியம் அது. இப்போது இருமினால் போதும். அந்தக் கை தோல் பைக்குப் போய்விடும். அடுப்படியில் இருக்கும் ஒரு பெண் இருமினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"உங்களுக்கு நாலு கால் இருக்கா?"

இருமல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருமினால் இன்றைக்கு ஜெயித்துவிடலாம். ஆனால் பதில் சொன்னது யார்? மறுபடியும் அவள்தான். வாழ்நாள் முழுக்க அவள்தான். பக்கத்தில் தொங்கிய துணியை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

டக்.

போச்சு என்று நினைத்தாள்.

வெளியே டாக்டர் எதையோ கேட்க ஆரம்பித்து நிறுத்தினார். "என்ன சார், கண்ணை மூடிக்கிட்டீங்க? தூக்கம் வருதா?"

பதில் இல்லை.

"அவனுக்கு அலுத்துப்போச்சு டாக்டர்" என்றார் பெரியவர். "பாவம். போதும், விட்டுடலாம்."

"இருங்க." டாக்டரின் நாற்காலி முன்னால் நகரும் சத்தம். "சார், கண்ணைத் திறங்க. மாட்டீங்களா? சரி, மூடிக்கிட்டே இருங்க. நான் உங்க தம்பியா?"

சத்தம் இல்லை.

"நான் டாக்டரா?"

டக்.

கல்லாக்கா வாயிலிருந்த துணியைக் கடித்தாள். தூங்கவில்லை. அவர் தூங்கவில்லை. யாரும் விளக்கை அணைத்துத் தராத இடத்தில் தானே அணைத்துக்கொண்டிருக்கிறார்.

"கப்பல்ல இருக்கோமா?" சத்தம் இல்லை. "வீட்டுல இருக்கோமா?" டக். "உங்களுக்கு ரெண்டு கால் இருக்கா?" டக். "நாலு கால்?" சத்தம் இல்லை. டாக்டர் கேள்விகளைத் திருப்பிப் போட்டார், கலைத்துப் போட்டார், கேட்டதையே வேறு மாதிரிக் கேட்டார். தகரம் பேச வேண்டிய இடத்தில் பேசியது, வாயை மூட வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் அவர் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. யார் முகத்தையும் அல்ல.

"இப்ப முக்கியமானது கேக்கறேன். உங்க அண்ணன் வீட்டுக்குப் போய் இருக்க உங்களுக்கு விருப்பமா?"

சத்தம் இல்லை. நெடுநேரம் இல்லை.

"இந்த வீட்டுலயே, உங்க மனைவியோட இருக்க விருப்பமா?"

டக். உடனே, கேள்வி முடியுமுன்பே வந்தது போல.

அவள் துணியை எடுத்துவிட்டு அழுதாள், சத்தம் வராமல். ஜெயித்தாகிவிட்டது. இனி என்ன கேட்டாலும் கவலை இல்லை.

"கீழ இருக்கற கடையைத் தொடர்ந்து நடத்தணும்னு நினைக்கறீங்களா?"

அந்த 'டக்'கைக் காது கேட்பதற்கு முன்பே அவள் கேட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகுதான் வெளியே எந்தச் சத்தமும் வரவில்லை என்பது உறைத்தது. களைத்துப்போயிருப்பார். கேள்வி நீளம், புரிந்திருக்காது.

"திருப்பிக் கேக்கறேன். கடையை மூடிடலாமா?"

டக்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றபோது கண்ணாடிக்காரர் இன்னும் கண்ணை மூடியபடியே இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் தலையாட்டவில்லை. ஆடாத தலையோடு அவர் வேறு ஆள் போல இருந்தார்.

"முதல்ல என் தலையைப் பாத்துத்தான் தட்டினாரும்மா. நானும் வேணும்னுதான் ஆட்டினேன். அப்புறம் கண்ணை மூடினாரு. மூடினதுக்கு அப்புறம் ஒண்ணும் தப்பு இல்ல. தன் விஷயத்தை இவரே முடிவு பண்ணலாம்னுதான் எழுதப் போறேன்."

பெரியவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "என்னை வேணாம்னுட்டான்" என்றார். பிறகு, "கடையை மூடலாம்னு நானும்தானேம்மா சொன்னேன்" என்றார், யாருக்கோ கணக்குச் சொல்வது போல.

டாக்டர் எழுந்த நாற்காலியைக் கல்லாக்கா இழுத்துப் போட்டுக் கணவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். துண்டும் இல்லை, இருட்டும் இல்லை. பிணக் குரலும் வரவில்லை.

"ஏங்க" என்றாள். "கண்ணைத் திறங்க."

திறந்தார்.

"கடை வேணுமாங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் உதடு துடித்தது, புருவம் கெஞ்சியது, மூச்சு நின்றுபோயிருந்தது. எதையும் அவளால் அடக்க முடியவில்லை. கண் பரிசோதனை அட்டையின் முதல் வரி எழுத்தைப் போல, என்ன பதில் வேண்டும் என்பது அவள் முகத்தில் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தது.

அவர் கை தகரக் கூட்டை நோக்கிப் போனது. அதன்மேல் வந்து, தொடாமல் நின்றது. கண் அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. பிறகு கை மெல்லப் பின்வாங்கி, தோல் பையின்மேல் இறங்கி, அங்கேயே படிந்தது.

விழக் கூடாது என்றுதான் அவள் பார்த்தாள். முகம் விழுந்தது. அவர் அதை முழுக்கப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.